ப்ராசடி: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் அச்சகத்தில் 14 பேர். பத்திரிகை மாதிரி, கடைசி நிமிடத் திருத்தம், காகித இருப்பு எல்லாம் அலுவலகச் சாட்டில்தான் ஓடும். அதற்கு ப்ராசடி என்ற சாட் சர்வரை (எக்ஸ்எம்பிபி என்ற பொதுவான சாட் நெறிமுறையில் ஓடுவது) ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். லேப்டாப்புக்கு அது ஒரு சுமையாகவே தெரியவில்லை.

இதற்கு முன் வேறொரு சாட் மென்பொருள் இருந்தது. அதை நிறுவித் தந்தவர், எந்த போர்ட் (இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட கதவு) வேண்டும் என்று பார்க்காமல், ரூட்டரில் 5000 முதல் 6000 வரை மொத்தமாகத் திறந்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் இரவு வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் அலுவலக ஐபியை, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் என்மேப் கருவி வைத்து ஸ்கேன் செய்தேன். சாட்டின் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே 5432 திறந்திருந்தது. அது போஸ்ட்கிரெஸ், எங்கள் பில் கணக்கு முழுக்க இருக்கும் டேட்டாபேஸ். அதற்குக் கீழே 5900, அதாவது தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் விஎன்சி. கடவுச்சொல் தெரிந்த எவரும் அந்த கம்ப்யூட்டரின் திரையையே திறந்து உட்காரலாம். வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்போதே ரூட்டருக்குள் போய் எல்லாவற்றையும் மூடினேன். மறுநாள் காலை யாருக்கும் சாட் வரவில்லை, திட்டு வாங்கினேன்.

ப்ராசடியில் எனக்குப் பிடித்ததே, எந்தக் கதவு எதற்கு என்று தெளிவாகத் தெரிவதுதான். செயலிகள் வந்து சேர்வது 5222. மற்ற சர்வர்களோடு பேச 5269. நாங்கள் எங்களுக்குள் மட்டும் பேசுவதால் அதைத் திறக்கவே இல்லை. படம், பிடிஎஃப் அனுப்ப 5281. அதன் ஜோடியான 5280-இல் குறியாக்கம் கிடையாது, அது வெளியே தெரியவே கூடாது. ஆக, தொடக்கத்தில் ரூட்டரில் இரண்டே வரி. அமைப்பில் ஏதாவது பிசகினால் ப்ராசடிசிடிஎல் செக் என்ற கட்டளை, சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ், பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் வரைக்கும் பார்த்துச் சொல்லிவிடும்.

ஆனால் 5222-ஐ மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே இணைப்பு முதலில் வெறும் எழுத்தாகத்தான் தொடங்கும், டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு மாறச் சொல்லும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளை வந்த பிறகுதான் பூட்டு விழும். 2023-இல் ஜாபர்.ஆர்யூ என்ற பழைய பெரிய எக்ஸ்எம்பிபி சேவைக்கு நடந்தது இந்த போர்ட்டில்தான். ஜெர்மனியில் இருந்த அதன் சர்வர்களுக்கு முன்னால் யாரோ புகுந்து, அந்தப் பெயருக்கே செல்லுபடியாகும் இன்னொரு சான்றிதழை வாங்கி வைத்து, மாதக் கணக்கில் 5222 போக்குவரத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து அது காலாவதியானதால்தான் விஷயம் வெளியே வந்தது. சர்வரின் சொந்தச் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை! இதைப் படித்த அன்றே எல்லோர் ஃபோனிலும் ஓமெமோவை (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கக்கூடிய குறியாக்கம்) இயக்கினேன். இரு பக்கமும் சாவிகளைச் சரிபார்த்துக்கொண்டால், நடுவில் யார் உட்கார்ந்தாலும் செய்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது மட்டும் தெரியும்.

குறைகளும் உண்டு. சில பொது வைஃபையில் 5222-ஐ அடைத்து வைத்திருக்கிறார்கள். டெலிவரிக்குப் போகும் பையன் கடையிலிருந்து படம் அனுப்ப முடியாமல் தவித்தான். தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பேசும் வழியை 443-இல் திறந்து, டிஎன்எஸ்ஸில், எந்த போர்ட்டுக்கு வர வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் எஸ்ஆர்வி பதிவு ஒன்று சேர்த்த பிறகு சரியாகிவிட்டது. ஐஃபோன்காரர்களுக்குத்தான் இன்னும் முழுத் திருப்தி இல்லை. மோனல் செயலிக்கு அறிவிப்பு வர நான் தனியாக ஒரு மாட்யூல் சேர்க்க வேண்டியிருந்தது, இப்போதும் சில சமயம் தாமதமாகிறது. ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் செயலி அருமை. எஃப்-டிராய்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் செயலிக் கடையில் இலவசம்.

நிலையான ஐபி இல்லாத, சிஜிநாட் இணைப்பு (ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வது) வைத்திருப்பவர்கள் இதை அலுவலகத்தில் வைக்காமல் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன விபிஎஸ் சர்வரில் போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போதும் மாதம் ஒரு முறை, சம்பளம் போடும் நாளில், மொபைல் டேட்டாவிலிருந்து அந்த ஐபியை ஸ்கேன் செய்கிறேன். போன மாதம் வந்தது 443, 5222, 5281. வேறு எதுவும் இல்லை.