பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றினேன், இரண்டு தடவை

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் தாப்பா. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், ஒரு பக்கம் கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் கூட்டரசு சாலை. மாதம் நான்கு முறையாவது ரிங்லெட் போய் வரும் என் பழைய மைவி கார், ஒருநாள் மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங்கை உதற ஆரம்பித்தது. முன்பக்க டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, வளைந்துவிட்டது என்றார் கார் பழுது பார்க்கும் ஃபோர்மேன். ஏற்கெனவே ஒருமுறை ஸ்கிம் செய்து, அதாவது மேற்பரப்பைக் கடைந்து சமமாக்கி, ஆகிவிட்டது. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனைத் தொட்டுவிட்டதால் இனிமேல் கடைய முடியாது. புது ஜோடி 190 வெள்ளி (ரிங்கிட்), டிஸ்க்கைக் கவ்வும் பேட் தனி. கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று நானும் மச்சானும் வீட்டிலேயே இறங்கினோம்.

வேலை கஷ்டமில்லை. வாசல் செம்மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் சிமெண்டு போட்ட இடத்தில் காரை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டு கொடுத்தோம். பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினோம். பழைய டிஸ்க் அசையவே இல்லை. மச்சான் சுத்தியலை எடுத்துவிட்டான். அப்புறம்தான் டிஸ்க்கில் இரண்டு மரை போட்ட ஓட்டைகள் இருப்பது கண்ணில் பட்டது. எட்டு மில்லி போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முறுக்க, ‘டங்’ என்று கழன்று வந்தது. புதுசை மாட்டி, பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொண்டு கிளம்பினோம். வெண்ணெய் மாதிரி நின்றது.

ஐந்தாயிரம் கிலோமீட்டர்தான். மறுபடியும் உதறல்.

மலிவு டிஸ்க் வாங்கி ஏமாந்தோம் என்று நினைத்தேன். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிஸ்க்கை இழுத்துவிட்டு, அது உட்காரும் ஹப், அதாவது சக்கரத்தின் நடு அச்சுத்தட்டின், முகத்தில் விரலை ஓட்டினார். செதில் செதிலாகத் துரு. “என்ன தம்பி, குளிக்காம புதுச்சட்ட போட்டிருக்க?” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஹப்பில் ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து உட்காரும். சாய்வு விளிம்பில் இன்னும் பெரிதாகத் தெரியும். பிரேக் மிதிக்காமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசி உரசித் தேய்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, உதறல் வருகிறது. மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருந்ததன் ரகசியம் அதுதான். டிஸ்க் உண்மையில் வளையவே இல்லை. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் காட்டினார், 0.14 மில்லிமீட்டர் ஆட்டம். 0.05-ஐத் தாண்டவே கூடாதாம்.

டிஸ்க்கில் தடிமன் மிச்சமிருந்ததால் அதையே ஸ்கிம் செய்தோம். இந்த முறை ஹப்பைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. மாட்டியபின் அளந்தால் 0.03. டிஸ்க் மறுபடி சாயாமல் சீராக உட்கார, நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ஸ்பேனரில் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினோம். பிறகு காலியான சாலையில் 60-இலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, முழுக்க நிற்காமல் பிரேக் பிடித்து பேடைப் பழக்கினேன். மலை இறங்கும்போது இப்போது மூன்றாம் கியர், தேவைப்பட்டால் இரண்டாம் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம், 36,000 கிலோமீட்டர் ஆகிறது. மழைக்காலக் காலையில் முதல் பிரேக்குக்கு ‘கரகர’ என்று ஒரு சத்தம் வரும், மேல்துரு போனதும் நின்றுவிடும். ஸ்டியரிங் ஆடவில்லை.

டார்க் ஸ்பேனர் 120 வெள்ளி. கூலியில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விட்டது என்று மச்சான் இன்னமும் கிண்டல் செய்கிறான். போன மாதம் டயர் மாற்றப் போன இடத்தில், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு பையன் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ‘டர்ர்ர்’ என்று இறுக்கிவிட்டான். ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து, போர்ச் விளக்கைப் போட்டு, பதினாறு நட்டையும் தளர்த்தி மறுபடி முறுக்கினேன்.