"நீங்கள் இருக்கிறீர்களா?": ஆன்லைன் தொழில்சார் சுகாதாரப் பயிற்சியோடு 14 மாதம்

முன்பு என்னோடு வார்டில் வேலை பார்த்த தங்கச்சி ஒருத்தி நேற்று கேட்டாள்: "அக்கா, நீங்க படிக்கிற அந்த ஆன்லைன் கோர்ஸ்ல நானும் சேரலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அரை மணி நேரம் முன்புதான் அது என்னை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் தள்ளியிருந்தது. கோபம் ஆறட்டும், அப்புறம் பதில் சொல்லலாம் என்று விட்டேன். இன்னும் முழுசாக ஆறவில்லை.

எத்தனை பாடம், தேர்வு எப்படி, சான்றிதழ் எப்போது என்பதெல்லாம் சேரும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சொல்லாமல் விட்டது ஒரு பெட்டி. பாடம் ஓடும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் நடுவில் "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று வந்து நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் "ஆம்" தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அந்தப் பாடம் முதலிலிருந்து. விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து.

பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என்றே தயாரித்த பயிற்சியாம். பணியில் இருப்பவரை நடுவில் யாராவது கூப்பிடுவார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் இருப்பது தொழிற்சாலையின் முதலுதவி அறையில். கண்ணில் ரசாயனம் தெறித்தால் என்ன செய்வது என்ற பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, சுத்தம் செய்யும் காரக் கரைசல் கண்ணில் தெறித்த ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஓட விட்டேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார், என் சட்டையெல்லாம் நனைந்தது. குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். காரம் என்றால் அதோடும் நிறுத்தக் கூடாது. காரமா அமிலமா என்று நிறத்தில் காட்டும் பிஎச் தாளை வைத்துப் பார்த்து, நிறம் நடுநிலையான 7-க்கு வந்த பிறகுதான் கையை எடுத்தேன். கண் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு நாற்காலிக்கு வந்தால், பாடம் முதல் பக்கத்தில் நிற்கிறது. அது சொல்லிக்கொடுத்ததைத்தான் அத்தனை நேரமும் செய்துகொண்டிருந்தேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

உதவி மையத்துக்கு எழுதினேன். "உங்கள் கவனத்தை உறுதி செய்யவே இந்த வசதி" என்று பதில் வந்தது. வசதியாம்! இதே பயிற்சியில் முதுகுவலிப் பாடம் வேறு இருக்கிறது. ஒரே இடத்தில் உட்காராதீர்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள் என்கிறது. எழுந்து நடந்து பார்த்தேன். அதுவும் முதலிலிருந்து.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். கேஸ் பாடங்கள் அருமை. 1700-லேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று எழுதிவைத்தார். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று இவர்கள் பழக்குகிறார்கள். வேலையின் பெயரைக் கேட்டால் போதாது. கையில் எதைத் தொடுகிறார், பக்கத்து மெஷினில் என்ன நடக்கிறது, விடுமுறையில் தொந்தரவு குறைகிறதா என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

எங்களிடம் ஒருவர் மாதக்கணக்கில் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாடம் முடித்த வாரத்தில் சும்மா கேட்டேன், லீவில் எப்படி இருக்கிறது என்று. "லீவுல நல்லாத்தான் இருக்கு, சிஸ்டர்" என்றார். வேலை, ஸ்ப்ரே பெயின்டிங். பெயின்ட் இறுகுவதற்காக அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், அதுவே ஆஸ்துமா வரவைக்கும் என்பது அந்தப் பாடத்தில் படித்ததுதான். டாக்டரிடம் சொன்னேன். வேலை நாளிலும் விடுமுறையிலும் தினமும் நான்கு வேளை பீக் ஃப்ளோ, அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்ற அளவை, ஊதி எழுதச் சொன்னார். மூன்று வாரத்துத் தாளில் கோடு வேலை நாளில் இறங்குகிறது, லீவில் ஏறுகிறது. அவரை அந்த ஷெட்டிலிருந்து மாற்றினார்கள். எத்தனை முறை அவருக்கு சிரப் எடுத்துக் கொடுத்திருப்பேன்! அந்தக் கேள்வி ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை.

காது பரிசோதனைப் பாடமும் நல்லது. இரைச்சலில் வேலை செய்பவரின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனின் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் பள்ளத்தை இப்போது தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். மூச்சை ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி பாடம்தான் வீண். திரையில் வரும் பொம்மை முதல் தடவையே அழகாக ஊதி முடிக்கிறது. நம் ஆட்கள் உதட்டோரம் காற்றை விடுவார்கள், இரண்டு விநாடியில் நிறுத்துவார்கள், சிரித்துவிடுவார்கள். சரியான ஊதல் மூன்றாவது கிடைக்க, பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்த வேண்டும். அதை வீடியோவில் பழக முடியாது.

ஆகவே தங்கச்சிக்கு என் பதில்: சேராதே. அந்தப் பெட்டியை எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். கேஸ் பாடங்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள். நீங்கள் பயிற்சியைப் புதுப்பித்தீர்களா என்று கேட்பாய். புதுப்பித்துவிட்டேன். நுரையீரல் பகுதியில் புதிதாக நான்கு கேஸ் சேர்த்திருக்கிறார்கள்.