கம்ப்யூட்டர் சாவிப் பூட்டைத் திறக்கும் கருவி என்று நம்பி 18,500 ரூபாயை விட்டேன்: சாவிக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

கூரியர் டப்பா இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. குப்பையில் போட மனசு வரவில்லை, 18,500 ரூபாய் டப்பா அது. வீட்டில் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. எட்டாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். சாவிக் கடை வைத்திருப்பவர்கள், தொழில் பழகும் பையன்கள் எல்லாரும் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புங்கள். இந்த மாதிரிக் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கோவையில் சின்னதாக ஒரு சாவிக் கடை. அப்பா திண்டுக்கல்காரர், பூட்டுப் பட்டறையில் உள்ளே வைக்கும் லீவர் தகட்டுக்கு அரம் போட்டே வளர்ந்தவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தி வந்த அன்று, "பட்டறையில ஆள் இல்லாதப்போ பட்டம் குடுக்கறாங்க" என்று சிரித்தார். லீவர் பூட்டு, சாதாரண பின் சிலிண்டர் (சாவி நுழையும் உருளை, உள்ளே பின் என்கிற குட்டிக் கம்பிகள்) இரண்டும் எனக்கும் கைவந்த வேலை. தலைவலி எல்லாம் கம்ப்யூட்டர் சாவிதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாவியின் ஓரத்தில் பல் வெட்டாமல், தட்டையான முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் போட்டிருப்பார்களே, அதுதான். டிம்பிள் சாவி என்பது சரியான பெயர். நம் ஊரில் எப்படியோ கம்ப்யூட்டர் சாவி என்று பெயர் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதில் கடுகளவும் கிடையாது. சுவிட்சர்லாந்தின் காபா கம்பெனி 1934-லேயே இந்த வகைச் சாவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. உள்ளே பின்கள் சாவியின் தட்டை முகத்தைப் பார்த்து நிற்கும். சில பூட்டில் ஒரே வரிசை, சிலதில் இரண்டு மூன்று வரிசை. இஸ்ரேலின் மல்-டி-லாக் மாதிரிப் பூட்டுகளில் ஒரு பின்னுக்குள்ளேயே இன்னொரு பின் உட்கார்ந்திருக்கும். துவாரமோ குறுகல். நாம் வழக்கமாக வைத்திருக்கும் பிக், அதாவது பின்னைத் தூக்கும் மெல்லிய கம்பி, உள்ளே போனாலும் தலையைத் தூக்க இடம் இருக்காது. அதனால்தான் இதற்கென்று முனையில் குட்டிக் கொடி போல மடல் வைத்த பிக் தனியாக வருகிறது. அதற்கும் மேலே டிகோடர். அது திறப்பதோடு நிற்காமல், எந்தப் பின் எந்த ஆழம் என்று அளவுகோலில் காட்டும். அந்த நம்பரை வைத்துப் புதுச் சாவியே வெட்டிக் கொடுத்துவிடலாம்.

சரவணம்பட்டி பக்கம் புதிதாக எழும்பும் அபார்ட்மென்ட் கதவு எதைப் பார்த்தாலும் இந்தச் சிலிண்டர்தான். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள். நாம் போய் ட்ரில் போட்டுச் சிலிண்டரை உடைத்தால் கதவு திறக்கும், ஆனால் புதுச் சிலிண்டர் காசைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! உடைக்காமல் திறக்க ஒரு கருவி இருந்தால் தேவலை என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் தேடினேன். பெயர் போடவில்லை, எல்லாரும் செருப்பு முதல் சோப்பு வரை வாங்குகிற தளம்தான். சாவிக்காரர்களுக்குக் கருவி விற்பதாக ஒருவன் அதில் கடை போட்டிருந்தான். 'டிம்பிள் டூ-இன்-ஒன் பிக் டிகோடர், எல்லா பிராண்டுக்கும்', கூடவே பத்து பிக், ஃபாயில் செட், டென்ஷனர் மூன்று. விலை 21,000. படத்தின் மூலையில் ஒரு வாட்ஸ்அப் எண். கேட்டுப் பார்க்கலாமே என்று அந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். ஐந்தே நிமிஷத்தில் வீடியோ காலில் வந்துவிட்டான்.

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முப்பது வயசு இருக்கும். "வணக்கம்ணே, நானும் சாவிக்காரன் பையன்தாண்ணே" என்றுதான் ஆரம்பித்தான். பின்னால் சாவி வெட்டும் மெஷின் ஓடும் சத்தம் கிர்ரென்று கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம்தான் என்னை நம்ப வைத்தது. முப்பது வருஷமாகக் காதில் விழுகிற சத்தம். நம்ம தொழில் ஆள், கடையில் வேலை நடக்கும்போதே நமக்காகக் கருவியைக் காட்டுகிறான் என்று தோன்றிவிட்டது. ஒரு சிலிண்டரை வைஸில் மாட்டி, கருவியை உள்ளே விட்டு, அப்படியும் இப்படியும் ஆட்டினான். நாற்பது செகண்ட் கூட ஆகவில்லை, பிளக் (சிலிண்டரின் உள் உருளை) திரும்பிவிட்டது. "பாத்தீங்களாண்ணே, வெண்ணெய் மாதிரி!" என்றான். அப்புறம் அதே மாதிரி ஒரு வீடியோவும் அனுப்பி வைத்தான்.

கார் வேலைக்கு நான் லிஷி என்கிற பிக் டிகோடர் வைத்திருக்கிறேன். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கான ஹெச்யூ 66. வாங்கிய நாள் முதல் ஒரு குறை சொன்னதில்லை. இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஹெச்யூ 66-ஐ ஹெச்யூ 66 துவாரத்தில் மட்டும்தான் விட முடியும், ஒரு கருவி ஒரு துவாரத்துக்குத்தான் என்று பையன்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அப்படிப்பட்டவன் 'எல்லா பிராண்டுக்கும்' என்ற வரியைப் பார்த்தபோதே போனை வைத்திருக்க வேண்டாமா? வைக்கவில்லை.

"தளத்துல போட்டீங்கன்னா கமிஷன் போகும்ணே, 21,000. நேரா எனக்குப் போட்டுவிட்டீங்கன்னா 18,500. உங்களுக்காகத்தான்." ஸ்கேன் செய்தபோது கடைப் பெயர் வரவில்லை, சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு பெண்மணியின் பெயர் வந்தது. "அது அக்கா அக்கவுண்ட்ணே" என்றான். ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் பின்னைத் தூக்கிப் பூட்டைத் திறக்கிறவன், என் பின்னை நானே போட்டு என் பணப்பெட்டியைத் திறந்து கொடுத்தேன். 18,500 ரூபாய், அரை நிமிஷத்தில்.

ஒன்பதாம் நாள் டப்பா வந்தது. கையில் எடுத்ததுமே வயிற்றைக் கலக்கியது. தகடு கத்தரித்த ஓரம் கூடத் தேய்க்கப்படவில்லை, விரலில் பிசிறு குத்தியது. வெர்னியரை வைத்துப் பார்த்தேன். பத்து பிக்கில் ஆறு, என்னிடம் இருக்கும் எந்தச் சிலிண்டரின் துவாரத்திலும் நுழைகிற தடிமனில் இல்லை. டிகோடரைச் சோதிக்க, சாவி கையில் இருக்கும் ஒரு பழைய சிலிண்டரை எடுத்துக்கொண்டேன். குழிகளின் ஆழம் எனக்கு முன்பே தெரியும். முதல் தடவை ஒரு நம்பர், இரண்டாம் தடவை வேறு நம்பர், மூன்றாம் தடவை முள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றது. லாட்டரி மெஷின் தோற்றது போங்கள்.

ஆனாலும் ஆசை விடவில்லை. கை பழகவில்லையோ, பழகினால் சரியாகிவிடுமோ என்று இரண்டு நாள் உட்கார்ந்து முயன்றேன். மூன்றாம் நாள் ஒரு அபார்ட்மென்டில் இருந்து அழைப்பு. எழுபது வயசு அம்மா ஒருத்தர், பால் வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார், கதவு சாத்திக்கொண்டது. "ஏனுங்க தம்பி, அடுப்புல குக்கர் வெச்சிருக்கறனுங்க, சீக்கிரம் பாருங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நேராக ட்ரில்லை எடுத்திருக்க வேண்டும். புதுக் கருவியைக் காட்டும் புத்தி! விட்டேன், மெதுவாகத்தான் அழுத்தினேன், மடல் முனை 'டப்'பென்று முறிந்து துவாரத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, வெளியே எனக்கு வியர்க்கிறது. கடைசியில் ட்ரில் போட்டுத்தான் திறந்தேன். அந்த அம்மாவிடம் சிலிண்டர் காசு கேட்க வாய் வரவில்லை. 2,200 ரூபாய் என் கையில் இருந்து போனது. ஆக 18,500-க்கு மேலே இதுவும். குக்கரில் பருப்பு அடிப்பிடித்தது தனி.

அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டேன். "பிராக்டிஸ் வேணும்ணே, ஒரு வாரம் ஓட்டுங்க" என்றான். ஒரு வாரம் கழித்து, "உங்க சிலிண்டர் டூப்ளிகேட்டா இருக்கும்ணே." அப்புறம், "முனை உடைஞ்ச பொருளை எப்படிண்ணே திரும்ப எடுக்கறது?" அதற்கும் அப்புறம் ப்ளூ டிக் மட்டும். ஒரு நாள் வேறு எண்ணில் இருந்து கூப்பிட்டுக் கத்தினேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "போலீசுக்குப் போங்கண்ணே. பூட்டுத் திறக்கற சாமான் வாங்கி ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க. முதல்ல உங்களத்தான் உட்கார வைப்பாங்க."

அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்து விற்கிறானே, காரணமே இதுதான். வாங்குகிறவன் வெளியே சொல்லக் கூசுவான் என்று கணக்குப் போட்டுத்தான் விற்கிறான். மிக்சி விற்று ஏமாற்றினால் மறுநாளே ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

போனேன். ஸ்டேஷனில் ஏட்டையா மேலும் கீழும் பார்த்து, "இது எதுக்குய்யா உனக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல வேளை, பதிவு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். யார் வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஆதார் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரையோ செக்யூரிட்டியையோ சாட்சி வைத்து, கையெழுத்து வாங்குவது அப்பா காலத்துப் பழக்கம். நோட்டைப் புரட்டியதும் அவர் குரல் இறங்கியது. 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) உடனே அடித்திருக்கணும், இவ்வளவு நாள் கழிச்சு வந்தா பணம் எங்க நிக்கும் என்று திட்டினார். அங்கேயே உட்கார்ந்து அடித்தேன், புகார் எண் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

தளத்தின் சாட்டில் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர், அதே வணக்கம், அதே "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." கடைசியில் சொன்னது, இந்த ஆர்டரே எங்களிடம் இல்லை, வெளியே பணம் கொடுத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று. சட்டப்படி அவர்கள் சொல்வது எப்படியோ போகட்டும், அவன் கடை இன்னும் அதே தளத்தில் திறந்துதானே இருக்கிறது? வங்கியில், "நீங்களேதான் பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். சங்கத்து நண்பர் ஒருவர், தொழிலுக்கு வாங்கினால் நாம் நுகர்வோர் ஆக மாட்டோம் என்று பயமுறுத்தினார். அது தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. நான் போடப்போகிறேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அவன் அனுப்பிய வீடியோவை இயர்போன் மாட்டி மறுபடி பார்த்தேன். ஒரு இடத்தில் அந்த மெஷின் சத்தம் இரண்டு செகண்ட் நிற்கிறது. கருவி பின்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரு 'டிக்' கேட்க வேண்டும், பின் ஏறி உட்கார்கிற சத்தம். கேட்கவில்லை. சிலிண்டரில் பின்னே இல்லை! இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான். டிக் கேட்கவில்லையே என்று சாவிக்காரன் காது கண்டுபிடித்துவிடும் என்றுதான் பின்னால் மெஷினை ஓட விட்டிருக்கிறான். எந்தச் சத்தத்தை நம்பி 18,500 ரூபாயைக் கொடுத்தேனோ, அந்தச் சத்தமே மூடி.

எப்படி வாங்குவது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, நாலு வரியில் முடிக்கிறேன். எல்லா டிம்பிளுக்கும் ஒரே டிகோடர் என்று எவன் சொன்னாலும் எழுந்து போய்விடுங்கள். எந்தத் துவாரத்துக்கு, எத்தனை வரிசைக்கு என்று கேளுங்கள். டெமோ வீடியோவில் சிலிண்டரைக் கழற்றி பின்னைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள், சத்தமில்லாத இடத்தில். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் சரி. ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930, பொருள் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பதிவு நோட்டை ஒழுங்காக வைத்திருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புது எண்ணில் இருந்து ஒரு மெசேஜ். "அண்ணே, டிம்பிள் டிகோடர் நியூ மாடல், பழைய கஸ்டமருக்கு 2,000 தள்ளுபடி." கூடவே வீடியோ. அதே வைஸ், அதே சிலிண்டர், பின்னால் அதே கிர்ர். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன், காலையில் ஏட்டையாவிடம் கொண்டுபோகிறேன்.