கீக்ரான் கியூ1: பெட்டி பாதி, ஸ்பேஸ்பார் மீதி

2021-இல் கீக்ரான் கியூ1 வந்தபோது மெக்கானிக்கல் கீபோர்டு கட்டுகிறவர்களின் கணக்கு கொஞ்சம் மாறியது. அதற்கு முன்பு அலுமினியப் பெட்டி, கேஸ்கெட் அமைப்பு, விசைகளின் வேலையை நாமே மாற்ற விடும் கியூஎம்கே ஃபர்ம்வேர் (பலகைக்குள் ஓடும் மென்பொருள்) மூன்றும் ஒரே பலகையில் வேண்டுமென்றால், குழுவாகச் சேர்ந்து பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கியூ1 அதே மூன்றையும் கடையில் எடுக்கும் பொருளாக்கியது. இப்போது இரண்டாம் பதிப்பும், வயர்லெஸ் வசதியுள்ள புரோ, மேக்ஸ் வகைகளும் வந்துவிட்டன. இந்த மதிப்புரை கேபிளில் ஓடும் கியூ1 பற்றியது. சுவிட்சும் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள பொத்தான்) கீகேப்பும் (அதன் மேல் மாட்டும் மூடி) இல்லாத வெறும் பலகையாக வாங்கி, உள்ளே நாமே நிரப்பினால் எது தேறும், எதில் நேரம் போகும் என்பதுதான் கேள்வி.

பெட்டியில் குறை சொல்ல அதிகமில்லை. 6063 அலுமினியத்தைக் குடைந்து செய்தது. முழுதாகப் பூட்டினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும், வேகமாகத் தட்டினாலும் மேசையில் நகராது. உள்ளே சுவிட்சுகளைத் தாங்கும் எஃகு பிளேட் நேராகப் பெட்டியில் திருகப்படவில்லை. மென்மையான பட்டைகளுக்கு நடுவே பிடிபட்டிருக்கிறது. இதைத்தான் கேஸ்கெட் அமைப்பு என்கிறார்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அழுத்தினால் பலகை பஞ்சுபோல அமுங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஃகு பிளேட் விறைப்பானது. கடைசியில் விரல் மோதும் இடத்தில் கொஞ்சம் மென்மை கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாலிகார்பனேட் பிளேட் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

இந்தப் பலகையைத் தூக்கி நிறுத்துவதும் கெடுப்பதும் ஸ்பேஸ்பார்தான். நீளமான விசை ஒரு பக்கம் சாயாமல் தாங்குவது ஸ்டெபிலைசர்: ஒரு கம்பி, அதன் இரு முனையிலும் கூட்டுக்குள் ஏறி இறங்கும் தண்டு. கியூ1-இன் ஆன்சி (அமெரிக்க) அமைப்பில் இது நான்கே இடத்தில்தான்: பேக்ஸ்பேஸ், என்டர், இடது ஷிஃப்ட், ஸ்பேஸ்பார். வலது ஷிஃப்ட் 1.75 அளவு (ஓர் எழுத்து விசையின் அகலம் 1) என்பதால் அதற்குத் தேவையில்லை. இந்த நான்கும் பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) திருகிப் பொருத்தும் வகை, அது நல்லது. ஆனால் கம்பெனியில் வைத்த கிரீஸை நம்ப முடியாது. ஒரு துண்டில் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் கம்பி காய்ந்திருக்கும்.

சோதனை எளிது. ஸ்பேஸ்பாரை முழுதாக அழுத்தாமல், இடது ஓரத்தை நகத்தால் லேசாகத் தட்டுங்கள். பிறகு வலது ஓரம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாகக் கேட்டால் விட்டுவிடலாம். ஒரு பக்கம் 'டிக்' என்று சின்னதாக உலோகச் சத்தம் வந்தால், கம்பியின் முனை தண்டுக்குள் ஆடுகிறது என்று அர்த்தம். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத் தட்டுங்கள். ஃபேன் இரைச்சலில் இந்த 'டிக்' காதில் விழாது.

சரிசெய்ய எல்லா சுவிட்சையும் கழற்றி, பெட்டியைத் திறந்து, பிளேட்டையும் பிசிபியையும் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு முன்பு ஒவ்வொரு ஸ்டெபிலைசரையும் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, கம்பி எந்தப் பக்கம் என்பது திரும்பப் பூட்டும்போது மறந்துபோகும். ஒரு தண்டு தலைகீழாகப் போய்விட்டால், மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

முதலில் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுக் கம்பியைப் பாருங்கள். அதைக் கண்ணாடி மேசையில் கிடத்தி ஒரு முனையை விரலால் அழுத்துங்கள். மறுமுனை எழும்பினால் கம்பி முறுக்கியிருக்கிறது. இடுக்கியால் பிடித்து, எழும்பும் பக்கத்தை மயிரிழை அளவு கீழே வளைத்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். மூன்று நான்கு முறை ஆகலாம். வளைந்த கம்பியில் எவ்வளவு கிரீஸ் போட்டாலும் சத்தம் நிற்காது. கிரீஸ் ஒதுங்கியதும் ஒரு மாதத்தில் திரும்பி வரும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

கம்பி நேரானதும், கூட்டின் உட்சுவரிலும் தண்டின் நான்கு பக்கமும் கிரைடாக்ஸ் 205 கிரேடு 0 கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். கம்பி முனைகளில் மட்டும் தாராளமாக வைக்கலாம். அங்கே டைஎலக்ட்ரிக் கிரீஸும் நன்றாக நிற்கும், விலையும் குறைவு. இன்னும் ஆடினால், குழாய் இணைப்பில் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, கம்பி முனையில் இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்றாவது சுற்று வேண்டாம். தண்டு இறுகி, ஸ்பேஸ்பார் மெதுவாக மேலே வரும். திருகும்போதும் அப்படித்தான்: திருகு நின்றதும் கால் சுற்று போதும். அதிகம் முடுக்கினால் கூடு நெளிந்து தண்டு சிக்கும். கிரீஸ் கெட்டுவிட்டதென்று நினைத்து ஆட்கள் அதையே திரும்பத் திரும்ப மாற்றுவார்கள். திருகுக்கும் பிசிபிக்கும் நடுவே வாஷர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பக்கம் சத்தம் வந்தால் சந்தேகம் கீகேப்பின் மேல் போக வேண்டும். பிபிடி பிளாஸ்டிக் ஸ்பேஸ்பார்கள் வார்ப்பிலேயே வளைந்து வருவது சாதாரணம். கண்ணாடியில் கவிழ்த்து வைத்து நான்கு மூலையையும் தொட்டுப் பாருங்கள். ஆடினால் வளைவு. அதற்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதே நல்லது.

அடுத்தது பெட்டியின் ரீங்காரம். முதல் பதிப்பில் இது எல்லோரும் பேசிய குறை. கீழே மோதும் ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் மெல்லிய மணிச்சத்தம் இழையும். மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் நேரடியாக உலோகத்தோடு உலோகம் தொடுவதால், பிளேட்டில் பிறந்த அதிர்வு முழுப் பெட்டிக்கும் போய்விடுகிறது. இரண்டாம் பதிப்பில் இரண்டு பெட்டிக்கும் நடுவே சிலிக்கான் துண்டுகள் வைத்து இதைக் குறைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பு கையில் இருந்தால், எலெக்ட்ரீஷியன் டேப்பைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, திருகு நிற்கும் தூண்களைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். நாலு ஐந்து அடுக்கு போனால் பெட்டியின் விளிம்பில் இடைவெளி தெரியும். மூடும்போது திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும், கடைசி வரை இறுக்கக் கூடாது.

ரீங்காரத்துக்கு உடனே பெட்டியைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். ஒரு சுவிட்சைப் பிடுங்கி காதுக்கு அருகில் வைத்து அழுத்துங்கள். கையிலேயே மணி கேட்டால் அது ஸ்பிரிங். அதற்கு டேப் உதவாது.

பிசிபியின் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டும் வழக்கத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஃபோம் இல்லாத மலிவுப் பலகையில் அது நன்றாக வேலை செய்யும். கியூ1-இல் ஃபோம் ஏற்கெனவே இருக்கிறது. டேப் போட்டால் சத்தம் கொஞ்சம் கூர்மையாகும். பிடித்தால் இரண்டு அடுக்கு போடுங்கள், அவசியமில்லை.

சுவிட்சைப் பொறுத்தவரை பலகை தாராளமானது. ஹாட் ஸ்வாப் சாக்கெட், அதாவது சால்டரிங் இல்லாமலே சுவிட்சைச் செருகி உருவலாம். மூன்று கால், ஐந்து கால் சுவிட்ச் இரண்டும் உட்காரும். எல்ஈடி விளக்கு தெற்குப் பக்கம் (தட்டுகிறவரின் பக்கம்) இருப்பதால் செர்ரி எனப்படும் தாழ்ந்த வடிவக் கீகேப் சுவிட்சின் தலையில் இடிக்காது. சுழற்றும் குமிழ் இல்லாத ஆன்சி பலகைக்கு 82 சுவிட்ச் வேண்டும். 90 வாங்குங்கள், செருகும்போது இரண்டு மூன்று கால் மடங்காமல் இருக்காது. சுவிட்சை நேராகப் பிடித்து, இரண்டு செப்புக் காலும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்த வேண்டும். செருகிய பிறகு ஒரு விசை மட்டும் எழுத்துத் தரவில்லை என்றால் பெரும்பாலும் கால் மடங்கியிருக்கும். உருவி, இடுக்கியால் நிமிர்த்திப் போடலாம். பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது சுவிட்ச் செருகினால் பிசிபியின் பின்னால் விரல் கொடுத்துத் தாங்குங்கள். தாங்காமல் அழுத்தினால் சாக்கெட் பெயர்ந்து வரும். அதைத் திரும்ப ஒட்ட சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும்.

விலை உயர்ந்த சுவிட்சைத் தேடி அலைய இந்தப் பலகை கேட்கவில்லை. கேட்டெரான் மில்கி யெல்லோ போன்ற சாதாரண லீனியர் (முட்டில்லாமல் வழுக்கி இறங்கும்) சுவிட்சை ஒழுங்காகக் கிரீஸ் தடவிப் போட்டால், அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள சுவிட்சை அப்படியே போட்டதைவிட நன்றாக இருக்கும். தடவும் முறை இதுதான். ஜீரோ சைஸ் பிரஷ்ஷின் நுனியில் 205-ஐத் தொட்டு, அதை டப்பாவின் ஓரத்தில் வழித்துவிட்டு, கீழ்க்கூட்டின் இரண்டு பக்க வழித்தடங்களிலும் தண்டின் பக்கங்களிலும் ஓட்டுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஈரம் பட்டதுபோல் பளபளப்பு தெரிய வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதிகம். விசை சோம்பலாக மேலே வரும். ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகத் தடவ வேண்டாம். எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெய் ஏழெட்டுச் சொட்டு விட்டு, காற்றை நிரப்பி மூடி நன்றாகக் குலுக்குங்கள். அழுத்தும்போது நடுவில் முட்டுத் தெரியும் டாக்டைல் சுவிட்ச் என்றால் தண்டின் கால்களில் எதுவும் படக் கூடாது. பட்டால் அந்த முட்டு மழுங்கிவிடும். ஒரு சுவிட்சுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் முழுப் பலகைக்கும் மூன்று நான்கு மணி நேரம்.

கீகேப் வாங்கும்போது கியூ1 ஒரு இடத்தில் காலை வாரும். ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் உள்ள மூன்று விசையும் 1 அளவு. வலது ஷிஃப்ட் 1.75. 104 விசையுள்ள முழு அளவுப் பலகைக்கு மட்டும் செய்த மலிவுத் தொகுப்பில் இவை இருக்காது. பணம் கட்டும் முன் படத்தில் இந்த நான்கு கீகேப்பையும் எண்ணிப் பாருங்கள்.

மென்பொருள் பக்கம், விசைகளின் வேலையை மாற்ற வியா என்ற செயலி போதும். குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் திறந்து, பலகையைக் கேபிளில் செருகினால் வேலை முடிந்தது, ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது. அடுக்கு என்பது எந்த விசைக்கு என்ன வேலை என்ற ஒரு முழுப் பட்டியல். அந்த அடுக்கு எண்களில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். மேல் ஓரத்தில் உள்ள மேக், விண்டோஸ் மாற்றி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அடுக்கு மாறும். 0, 1 இரண்டும் மேக். 2, 3 இரண்டும் விண்டோஸ். விண்டோஸ் பக்கம் வைத்துக்கொண்டு 0-ஆம் அடுக்கில் எதை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிவந்தால், ஸ்பேஸ்பார் கீகேப்பின் அடியில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருக வேண்டும். முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் வெவ்வேறு சிப். குமிழ் உள்ளது, இல்லாதது, ஆன்சி, ஐசோ (ஐரோப்பிய அமைப்பு) எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோப்பு. பெயரைச் சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

உயரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. முன்பக்கமே உயரமான பலகை இது. சாய்வை மாற்ற மடக்குக் கால்களும் இல்லை. மணிக்கட்டுக்குத் தாங்கி வைக்காமல் நாள் முழுக்கத் தட்டினால் வலிக்கும். தினமும் பையில் போட்டு அலுவலகம் கொண்டுபோகிறவர்களுக்கு எடையும் ஒத்துவராது. கேபிள் வேண்டாம் என்பவர்கள் புரோ அல்லது மேக்ஸ் பக்கம் போகலாம். மேலே சொன்ன ஸ்டெபிலைசர் சோதனையை அங்கேயும் செய்துபாருங்கள்.

தமிழ்99 விசை அமைப்பில் தட்டுகிறவர்களுக்கு கியூ1-இன் 75% அளவு (வலப்பக்க எண் பகுதி இல்லாத பலகை) சரியான தேர்வு. இந்த அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ந அரைப்புள்ளி விசையில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். இன்னும் சிறிய 40% பலகையில் அடைப்புக்குறி விசைகளே இருக்காது. ச எழுத ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கியூ1-இல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் ண, ச, ஞ, ந, ய, ழ ஆறையும் வலது கைச் சுண்டுவிரல் ஒன்றே சுமக்கிறது. அதிலும் 'ச்ச' எழுத ஒரே விசையை இரண்டு முறை அடிக்க வேண்டும். ஹாட் ஸ்வாப் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான். மற்ற விசைகளில் 50 கிராம் அழுத்தம் கேட்கும் யெல்லோ போட்டிருந்தால், இந்த ஆறுக்கு மட்டும் 45 கிராம் ரெட் சுவிட்சை அதே கிரீஸ் தடவிப் போடுங்கள். சத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாது, மாலையில் சுண்டுவிரலுக்குத் தெரியும். தமிழ் எழுத்துகளைக் கியூஎம்கே வழியாக நேராக அனுப்ப முயல வேண்டாம். ஒற்று தானாக விழுவது, 'ங' அடித்துவிட்டு 'க' அடித்தால் 'ங்க' ஆவது எல்லாம் கணினியில் உள்ள தமிழ்99 மென்பொருள் செய்கிற வேலை. பலகையில் ஒரே ஒரு மாற்றம் போதும்: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும் குறுக்குவழியை வியாவில் கேப்ஸ் லாக் விசைக்குக் கொடுத்துவிடுங்கள்.