கிளினிக் விவரங்கள்: கொப்பியா, கணினியா, கிளவுட்டா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தனியார் கிளினிக் நடத்துபவர்களிடம் மென்பொருள் விற்க வருபவர்கள் மாதக் கட்டணத்தை மட்டும்தான் சொல்வார்கள். நோயாளர் தகவல் களவு போனால் ஆகும் செலவு அந்தப் பேச்சில் வராது. கணினி நிறுவனமான ஐபிஎம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவத் துறையில் ஒரு தகவல் கசிவுக்குச் சராசரியாக 97.7 இலட்சம் டொலர் செலவு. அது பெரிய நிறுவனங்களின் கணக்கு, நம் டவுன் கிளினிக்குக்குப் பொருந்தாது. ஆனால் பணம் எந்த வழியில் போகிறது என்பது இங்கும் அதேதான்.

நோயாளி கையில் இருக்கும் கிளினிக் கொப்பியை வெளிநாட்டிலிருந்து எவரும் திருட முடியாது. நனைந்தாலோ தொலைந்தாலோ ஒருவருக்கு மட்டும் நட்டம். இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யவேண்டும். தோட்டத்து நாட்சம்பளத்தில் அதுவும் சின்னக் காசு இல்லை.

சொந்தக் கணினி மலிவாகத் தெரியும். எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த வழி இதுதான். 2017இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வொன்னாகிரை வைரஸ், அப்டேட் செய்யாத விண்டோஸ் வழியாக இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளுக்குள் புகுந்தது. கப்பம் எதுவும் கட்டவில்லை. அப்படியும் செலவு 92 மில்லியன் பவுண் என மதிப்பிட்டார்கள். அதில் சுமார் 72 மில்லியன், தாக்குதல் ஓய்ந்த பிறகு கணினிகளைச் சரிசெய்யப் போனது. நம் கிளினிக்கில் அப்டேட் யார் செய்வது? மருந்து கொடுக்கும் தங்கச்சியா?

கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் தகவலை வைத்தால், அப்டேட் வேலை அந்த நிறுவனத்துடையது. ஆனால் அங்கே விழுந்தால் எல்லோரும் சேர்ந்தே விழுவோம். 2024இல், பல வைத்தியசாலைகளின் காப்புறுதிக் கொடுப்பனவுகளைக் கையாளும் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கெயார், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) இல்லாத ஒரு நுழைவாயிலால் முடங்கியது. 22 மில்லியன் டொலர் கப்பம் கட்டிய பிறகும் இன்னொரு கும்பல் மிரட்டியது. தாய் நிறுவனத்துக்கு மொத்தச் செலவு 200 கோடி டொலருக்கு மேல். நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில் அரச கிளவுட் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. தனியாக எடுத்துவைத்த பிரதி இல்லை.

தண்டப்பணமும் வரலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது அதில் ஒரு மீறலுக்கான உச்சவரம்பு ஒரு கோடி ரூபாய். சின்ன கிளினிக்கை அதற்கு முன்பே சாய்ப்பது, மூடிக்கிடக்கும் நாட்களின் வருமான இழப்புதான்.

ஆகவே என் தெரிவு கிளவுட்தான், ஆனால் கொப்பியை நிறுத்தாமல். அப்புறம், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, கழற்றி அலுமாரியில் பூட்டிவைக்க வேண்டும். அப்படி இறக்கிக்கொள்ள விடாத நிறுவனத்துடன் ஒப்பந்தமே வேண்டாம்.