பினாங்கில் வயிறு கலங்கினால்: ஓ.ஆர்.எஸ்-ஸா, கேன் பானமா, இளநீரா?

திருச்சியிலிருந்து வந்த சித்தப்பா, பினாங்கில் இறங்கிய மூன்றாம் நாள் காலை முழுக்கக் கழிவறையும் கட்டிலுமாக அலைந்தார். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கரி மாத்திரை கொண்டுவந்தார். மகன் ஃபிரிட்ஜிலிருந்து ஹண்ட்ரட் பிளஸ் என்ற கேன் பானத்தை எடுத்தான். அம்மா இளநீர் வெட்டச் சொன்னார்.

பேதியில் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். அதனால் மாத்திரைச் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டுக் குடிப்பதை முதலில் பார்த்தேன்.

ஓ.ஆர்.எஸ் என்பது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். அதில் உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் ருசிக்காகச் சேர்த்ததல்ல. குடல் சோடியத்தை உள்ளே இழுக்க அதன் துணை வேண்டும். சோடியம் போகும் வழியில் நீரும் போகும். கேன் பானத்தில் சர்க்கரை கூடுதல், சோடியம் குறைவு. சர்க்கரை மிஞ்சினால் குடலுக்குள் நீர் சேர்ந்து போக்கு கூடலாம். வாயு போகக் கலக்கிவிட்டுக் குடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. திடமான ஆளுக்கு, லேசான போக்குக்கு, நடுராத்திரியில் வேறொன்றும் இல்லையென்றால் சரி. குழந்தைக்கோ வயதானவருக்கோ நான் அதை நம்ப மாட்டேன். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம். அம்மாவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இளநீரைவிட உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி மேல். சீனர் கஞ்சிக் கடைக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன?

ஆக, ஓ.ஆர்.எஸ்தான். ஆனால் உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். சித்தப்பா ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரு லிட்டருக்கானது, அதை ஒரே கிளாஸில் கொட்டிவிட்டார். இங்கே மருந்தகத்தில் கிடைக்கும் சின்ன உறைகள் பெரும்பாலும் ஒரு கிளாஸ் கணக்கு. இரண்டையும் குழப்பினால் உப்பு ஏறிப்போகும்.

மாத்திரைக்கு வருவோம். கரி மாத்திரை பேதியை நிறுத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கூடவே, சாப்பிடும் மற்ற மருந்துகளையும் அது உறிஞ்சிக்கொள்ளும். சித்தப்பா சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுபவர், எனவே பாட்டிக்கு நன்றி சொல்லி எடுத்துவைத்தேன். லோபரமைடு குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறியே ஆகவேண்டும் என்றால் கைகொடுக்கும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடக்கூடாது, சிறு பிள்ளைகளுக்கும் கூடாது. அந்த அறிகுறிகள் இருந்தாலோ, சிறுநீர் குறைந்து தலை சுற்றினாலோ கிளினிக்தான். பெட்டியில் கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக்கைத் தானாக ஆரம்பிக்காதீர்கள். இந்தியாவில் பேதிக்கென்று எடுக்கும் நார்ஃப்ளாக்சசின் வகைக்கு அடங்காத கிருமிகள் தென்கிழக்காசியாவில் நிறைய.

எதனால் வந்தது என்பதில் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை: ஐஸ் கச்சாங், அதாவது சீவிய ஐஸில் செய்யும் இனிப்பு. எனக்கு நாசி கண்டார், அதாவது சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் தட்டின்மேல்தான் சந்தேகம். குற்றம் கடையில் இல்லை, நேரத்தில். மாலை மூன்றரைக்குப் போய், காலையிலிருந்து ஆறிக்கிடந்த கணவாய்க் குழம்பை அள்ளிப் போட்டுக்கொண்டார். சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்று மலேசிய சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் தோசையோடு ஒப்பிட்டால், பளபளவென்ற கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஆறின கறி ஆபத்து. நடுவில் ஓட்டையுள்ள ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, அதற்கு நான் பயப்படுவதில்லை. கைக்கு ஜெல்லைவிட சோப்பு மேல்; வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது.

நான்காம் நாள் சித்தப்பா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ரொட்டி சானாய் (நம்மூர் பரோட்டா மாதிரி) கேட்டார். சூடாக வாங்கிக் கொடுத்தேன். பால் ஊற்றி இழுத்து ஆற்றும் டீயான தே தாரிக்குக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் தடை.