கண்டியா, அப்புத்தளையா, டிக்கோயாவா: மலையகத்தின் பழைய தேவாலயங்கள் குறித்து ஓர் ஒப்பீடு

பிரித்தானியர் காலத் தேவாலயம் ஒன்றையும், துறவியர் வாழும் மடம் ஒன்றையும், இரைச்சல் இல்லாத நகர முற்றம் ஒன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோர் மலையகத்தில் பெரும்பாலும் நுவரெலியாவையே முதலில் நினைக்கிறார்கள். என் கணக்கில் அந்த ஊர் இந்தப் போட்டியில் இல்லை. அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1954இல் இலங்கைக்கு வந்த இரண்டாம் எலிசபெத் மகாராணி அங்கே ஆராதனையில் கலந்துகொண்டார். ஆலயம் பார்க்கத் தக்கதே. ஆனால் நுவரெலியாவுக்குப் போகிறவர் பூங்காவுக்கும் ஏரிக்கும் போகிறார். ஆலயம் அந்தப் பட்டியலின் கடைசியில் வருகிறது. ஏப்ரல் மாத வசந்தகாலக் கூட்டத்தில் அமைதியைத் தேடவே வேண்டாம். ஆகவே உண்மையான போட்டி கண்டிக்கும் அப்புத்தளைக்கும் டிக்கோயாவுக்கும் இடையில்தான்.

தேவாலயம், மடம், முற்றம் ஆகிய மூன்றையும் நடந்தே பார்க்கக்கூடிய வாய்ப்புக்கு மிக அருகில் வருவது கண்டி. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்குப் பக்கத்தில், நாத தேவாலயம், பத்தினி தேவாலயம் என்னும் பழைய தெய்வக் கோயில்களை ஒட்டி, செங்கல் நிறத்தில் நிற்கும் புனித பவுல் ஆலயத்தின் கட்டுமானம் 1840களில் தொடங்கியது. அது கண்டியில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினருக்கான ஆலயமாகவும் இருந்தது. அது நிற்கும் இடத்தைக் கவனித்தால்தான் அதன் பொருள் விளங்கும். நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டி நகரில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதன் கற்கட்டுமானத்தில் தென்னிந்தியச் சாயல் தெளிவாகத் தெரியும். பத்தினி தேவாலயமோ நாம் கண்ணகி என்று வணங்கும் தெய்வத்தின் இருப்பிடம். அரசர்களின் வழிபாட்டு வளாகத்தின் ஓரத்திலேயே வெற்றி பெற்றவர்கள் தங்கள் ஆலயத்தை எழுப்பினார்கள் என்பதை எந்த வழிகாட்டியும் சொல்லாமலே அங்கே நின்று உணர்ந்துகொள்ளலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் மகுல் மடுவ என்னும் அரச சபை மண்டபம் இருக்கிறது. கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான இடம் அது. நாயக்க வம்சத்தின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதன்பின் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். கண்டிப் பிரதானிகளோடு பேசி அந்த உடன்படிக்கைக்கு வழிசெய்த ஜோன் டொய்லியின் கல்லறையோ, மாளிகைக்குப் பின்புறமாகச் சற்று மேடேறினால் வரும் பிரித்தானியக் காவற்படை மயானத்தில் இருக்கிறது. அவர் இறந்தது 1824இல். மலேரியாவில் இறந்தவர்கள், குழந்தைகள், காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவர் எனச் சுமார் இருநூறு கல்லறைகள் கொண்ட அந்தச் சிறு மயானத்தைத் தவறவிட்டுப் புனித பவுல் ஆலயத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கதையைக் கேட்டுவிட்டுப் புறப்படுவதற்குச் சமம். ஒப்பந்தம் எழுதப்பட்ட மண்டபம், அதன் பின் எழுந்த ஆலயம், எழுதச் செய்தவரின் புதைகுழி ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் கிடைக்காது.

முற்றத்தின் அமைதியைப் பொறுத்தவரை கண்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப் பின்னர் அதற்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அங்கே கிடைத்த அமைதி அப்படி வந்த அமைதி என்பதை மறந்துவிட்டு அதை ரசிப்பது எனக்கு எளிதாக இருப்பதில்லை. அதற்கு மறுபக்கம், சில அடி தூரத்தில், கண்டி நகரம் பஸ்களின் ஒலியோடு இயங்குகிறது. காலையில் நேரத்தோடு போனால் முற்றம் உங்களுக்குக் கிடைக்கும். பூசை நேரத்திலும் போயா எனப்படும் பௌர்ணமி தினங்களிலும் கிடைக்காது.

மடம் என்று வரும்போது கண்டியின் பலம் அம்பிட்டியவில் இருக்கிறது. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் காலத்தில் அங்கே தொடங்கிய பாப்பரசர் குருமடத்தில் இலங்கையரோடு இந்தியக் குருமாணவரும் பயின்றார்கள். அது 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. சில்வெஸ்திரியன் பெனடிக்ட் துறவியரின் மடமும் அம்பிட்டியவில்தான் உள்ளது. ஆயினும் இவை படிப்புக்கும் செபத்துக்கும் உரிய இடங்கள். சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல. நகரிலுள்ள கன்னியர் மடங்களும் அப்படியே: அவற்றின் பெரும்பகுதி பாடசாலை, மீதி அருட்சகோதரிகளின் வீடு. முன்கூட்டியே அனுமதி கேட்காமல் வாயிலில் போய் நிற்பது முறையன்று.

இந்தக் குறையை அப்புத்தளை நிறைவுசெய்கிறது. நகரிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தொலைவில், தங்கமலைக் காட்டை ஒட்டி, அடிசம் பங்களா என்று எல்லோரும் அழைக்கும் புனித பெனடிக்ட் மடம் இருக்கிறது. தேயிலை வணிகத்தில் பெரும்புள்ளியாக இருந்த சர் தோமஸ் வில்லியர்ஸ் அதை மடமாகக் கட்டவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரைச் சூட்டி, பழைய ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைப் பாணியில், 1931இல் தமக்கான வீடாகவே கட்டி முடித்தார். 1961இல் அது சில்வெஸ்திரியன் துறவியரின் கைக்கு வந்தது. வரவேற்பறையும் நூலகமும் பார்வைக்கு விடப்பட்டுள்ளன. மற்றப் பகுதிகளில் துறவியர் வாழ்கிறார்கள். அவர்கள் செய்து விற்கும் ஜாம் வகைகளுக்காகவே வருகிறவர்களும் உண்டு, அதில் தவறொன்றும் இல்லை. வார இறுதி, போயா, பாடசாலை விடுமுறை நாட்கள் தவிர மற்ற நாட்களில் வாயில் பொதுவாகத் திறப்பதில்லை என்பதே முக்கியமான இடைஞ்சல். அந்த நாட்களிலோ கூட்டம் வந்துவிடுகிறது.

அப்புத்தளையின் ஆலயம் 1869ஆம் ஆண்டின் புனித அந்திரேயா ஆலயம். எளிமையான, சிறிய கட்டடம். கண்டித் திரித்துவக் கல்லூரியில் துணை அதிபராக இருந்த கவிஞர் வோல்டர் ஸ்ரான்லி சீனியரின் அஸ்தி அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நகர முற்றம் என்று சொல்லத்தக்க இடம் அப்புத்தளையில் கிடையாது. மலைமுகட்டில் கடைவீதிக்கே இடம் போதவில்லை.

டிக்கோயாவில் மடமும் இல்லை, முற்றமும் இல்லை. அப்படியிருந்தும் அதைப் பட்டியலில் வைப்பதற்குக் காரணம் வார்லித் தோட்டத்துக் கிறிஸ்து ஆலயம். 1878இல் கருங்கல்லால் கட்டப்பட்ட அது, வண்ணக்கண்ணாடிச் சாளரங்களோடும் சுற்றிலும் துரைமார் குடும்பங்களின் கல்லறைகளோடும், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. கட்டியவர்கள் அந்த நீர்ப்பரப்பைக் கண்டதில்லை. அணை வந்தது 1965இல். அதே பகுதியில் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில், 1879இல் இறந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் தம் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். தம் கடைசி ஆண்டுகளில் அவர் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத்துத் தமிழர்களின் முகங்கள் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. 1869இல் கோப்பிச் செடிகளைத் தாக்கத் தொடங்கிய இலைநோயில் நொடித்த துரைக்குக்கூட எழுத்துப் பொறித்த கல் இருக்கிறது. அந்தத் தோட்டங்களைத் திருத்தி அங்கேயே மடிந்த நம்மவரில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. 1854இல் தோட்டத் தமிழரிடையே பணிசெய்வதற்காகத் தொடங்கிய சபையின் பெயரே தமிழ்க் கூலி மிஷன் என்பதாக இருந்தது. இந்த வரலாற்றை மூன்று இடங்களிலும் மிக வெளிப்படையாகக் காட்டுவது டிக்கோயாதான். கட்டட அழகிலும் என் தேர்வு வார்லி ஆலயமே.

எனினும் முதன்முறை வருகிறவருக்கு, குறிப்பாகப் பெரியவர்களை அழைத்து வருகிறவருக்கு, கண்டியையே பரிந்துரைப்பேன்: எல்லாம் நடை தூரம், ஏறவேண்டிய மேடு சிறிது, பஸ்ஸும் ரயிலும் தாராளம். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமை கண்டியைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பதுளை ரயிலில் அப்புத்தளைக்குப் போய் அடிசம் திறந்திருக்கும் நேரத்தில் சேரலாம். டிக்கோயாவை இவற்றோடு சேர்த்துத் திணிக்கக் கூடாது. ஹட்டனில் தங்கி, ஓட்டோவை அரைநாளுக்குப் பேசிக்கொண்டு, வார்லியையும் பொகவந்தலாவையையும் தனியாகப் பார்ப்பதே சரி. ஞாயிற்றுக்கிழமையானால் ஆராதனை நேரத்தை முதல் நாளே விசாரித்து, ஒன்று அதில் கலந்துகொள்ளப் போங்கள், அல்லது அது முடிந்து மக்கள் கலையும் வேளையில் போங்கள். வார நாட்களில் ஆலயம் பூட்டியிருக்கலாம் என்பதால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தோட்டத்தில் கேட்டுக்கொண்ட பிறகே மேலே ஏறுவது நல்லது.